ஜெபக்கனி சிஸ்டரின் விளக்கு

முப்பத்தோரு வருடம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் நான். டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். ஒன்று, ஜன்னல் பக்கம் ரொம்ப அக்கறையாக வேடிக்கை பார்ப்பான். இல்லையென்றால் தூங்குவான், ஆனால் இமை ஆடும். செக்கிங் இன்ஸ்பெக்டர்களே படியில் கால் வைக்கும்போது, "மாசானம், இன்னைக்கு எத்தன பேருவே?" என்று என்னிடம்தான் கேட்பார்கள். முகம் படிப்பதில் அப்படிப் பேர் வாங்கியவன், ஒரு மனுஷியின் முகத்தைப் பார்க்காமல் அவர் சட்டைக் காலரில் இருந்த விளக்கைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னேன். அந்தக் கேவலத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனை. இரண்டாவது மாடியில் டயாலிசிஸ் வார்டு. சிறுநீரகம் கைவிட்டுவிட்ட பன்னிரண்டு பேர், வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு சாய்வு நாற்காலியில் கிடப்போம். என் மனைவி போய் ஐந்து வருடமாகிறது. மகள் ஓசூரில். ஆகவே எனக்கு அந்த வார்டுதான் வீடு மாதிரி. சாப்பாடு மெஸ்ஸில்.

நானும் பரிவு விளக்கும் ஒரே வாரத்தில்தான் அந்த வார்டுக்குள் நுழைந்தோம். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். நர்ஸின் காலரில் குத்தியிருப்பார்கள். எங்களுக்கு அதை விளக்கிச் சொன்னது, சென்னைக் கம்பெனியிலிருந்து மாதம் ஒருமுறை வரும் இன்ஜினியர் மெஹர்.

"இவங்க வேர்வை, நாடி, மூச்சு எல்லாத்தையும் இது படிக்கும் சார். உங்களப் பாக்கும்போது இவங்க மனசு நெஜமாவே இளகினா பச்சை எரியும். இல்லேன்னா எரியாது."

"சிரிச்சு நடிச்சா?" என்று கேட்டேன்.

"நடிச்சா எரியாது சார். அதுக்காகத்தானே கண்டுபிடிச்சதே."

எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. டிக்கெட் இல்லாதவனைத் தானாகக் காட்டிக்கொடுக்கும் கருவி ஒன்று என் காலத்தில் இருந்திருந்தால் தொண்டைத் தண்ணீர் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வார்டில் எல்லா சிஸ்டர்களின் விளக்கும் ஒரு நேரமில்லாவிட்டால் ஒரு நேரம் எரியும். பிரின்சி என்று நாகர்கோவில் பக்கத்துப் பெண். அதன் விளக்கு வார்டுக்குள் நுழையும்போதே பச்சைதான். எரியாத விளக்கு ஒன்றே ஒன்று. அது ஜெபக்கனி சிஸ்டருடையது.

ஐம்பது வயதிருக்கும். ஒல்லி. சிரித்துப் பேசும் ரகமில்லை. ஆனால் அவருக்கென்று சில பழக்கங்கள் உண்டு. எங்களுக்குக் கையில் இரண்டு ரத்தக்குழாய்களை ஒன்றாகத் தைத்து, ஊசி குத்த வாகாக நரம்பைப் பருக்க வைத்திருப்பார்கள். அது நன்றாக இருந்தால் மேலே கை வைக்கும்போது உள்ளே ஓர் அதிர்வு தெரியும், ஸ்டார்ட்டில் நிற்கும் பஸ்ஸின் கம்பியைப் பிடித்த மாதிரி. அதிர்வு நின்றுபோனால் நரம்பு அடைத்துவிட்டது என்று அர்த்தம். எனக்கு இடது கையில் போட்டது ஒரே வருடத்தில் அடைத்துவிட்டது. வலது கையில் இருப்பதுதான் கடைசி, சர்க்கரை வியாதி தின்ற உடம்பில் இதற்குமேல் தைக்க இடமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஜெபக்கனி சிஸ்டர் ஊசி எடுப்பதற்கு முன்னால் வெந்நீரில் கையைக் காட்டி, துடைத்து, உள்ளங்கையை என் நரம்பின் மேல் வைத்துக் கண்ணை மூடுவார். சில வினாடி கழித்து, "ஓடுது" என்பார். அதன் பிறகுதான் ஊசி.

இன்னொரு பழக்கம் எனக்கு எரிச்சலூட்டுவது. அரை மணிக்கொரு தரம் பன்னிரண்டு நாற்காலிக்கும் நடந்து, "வீட்ல இன்னைக்கு என்ன கொழம்பு?" என்று கேட்பார். வீட்டில் பொங்கிப்போட ஆளில்லாதவனிடம் இது என்ன கேள்வி? வாய்க்கு வந்ததைச் சொல்லிவைப்பேன். கடைசி நாற்காலியில் சொர்ணத்தம்மா என்று ஒரு அம்மாள், யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருக்கும். அதையும் விடமாட்டார். "ஒண்ணுமில்ல" என்று சுவரைப் பார்த்தே பதில் வரும். சிஸ்டர் தலையை ஆட்டிக்கொண்டு நகர்வார். விளக்கு மட்டும் எரியாது.

முதல் இரண்டு வருடம் வெள்ளோட்டம் என்று விட்டுவைத்திருந்தார்கள். மூன்றாவது வருடம் மேட்ரன் சுவரில் ஒரு காகிதம் ஒட்டினார். டயாலிசிஸ் முடிந்ததும் நாற்காலித் திரையில், 'இவர் உங்களிடம் அன்பாக இருந்தாரா?' என்று வரும். ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான். ஒரு நர்ஸின் விளக்கும் எரியாமல், நோயாளியும் 'இல்லை' என்று அழுத்தினால், மேல் நடவடிக்கை.

அன்றிலிருந்து வார்டின் நடமாட்டமே மாறிப்போயிற்று. யார் பக்கம் போனால் விளக்கு எரியுமோ அந்தப் பக்கமே சிஸ்டர்கள் நின்றார்கள். வேண்டுமென்று செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். வேலை போய்விடக் கூடாது என்று கால் தானாக அப்படி நடந்திருக்கும். எனக்கு அதில் நல்ல யோகம். பஸ் கதை சொல்லத் தெரியும் எனக்கு. மாப்பிள்ளை பஸ் மாறி ஏறி சங்கரன்கோவில் போன கதை, ஆட்டுக்கு அரை டிக்கெட் கேட்டவர் கதை. பிரின்சி சிரிக்கச் சிரிக்க விளக்கு பளிச்சென்று எரியும். சொர்ணத்தம்மா பக்கம் போனால் யாருக்கு எரியும்? அந்தப் பக்கம் போனது ஜெபக்கனி சிஸ்டர் ஒருவர்தான். எப்படியும் எரியாத விளக்குதானே, அவர் எங்கே போனால் என்ன என்று நான்கூடக் கேலி பேசியிருக்கிறேன்.

சித்திரை மாதம் என் தங்கை மகன் கல்யாணம். வெயில் தாங்கவில்லை. எங்களுக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான் கணக்கு. இளநீர் ஆகவே ஆகாது, நெஞ்சை நிறுத்திவிடும். தெரிந்துதான் குடித்தேன், இரண்டு. திங்கட்கிழமை எடை மெஷினில் ஏறினால் நாலு கிலோ கூடுதல்.

"என்ன குடிச்சிய?" என்றார் ஜெபக்கனி சிஸ்டர்.

"ஒண்ணும் குடிக்கல."

"அண்ணாச்சி, என்ன குடிச்சியன்னு கேக்கேன்."

"எளனி."

பன்னிரண்டு நாற்காலியும் கேட்கும்படியாகச் சொன்னார். "சாவணும்னா வீட்ல கெடந்து சாவுங்க. எங்கையில வந்து சாவாதீய."

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. பயணிகள் முன்னால் டிரைவர் திட்டினால்கூட நான் பொறுத்ததில்லை. அவர் காலரைப் பார்த்தேன். விளக்கு செத்துக் கிடந்தது. அன்று நான்கு மணி நேரமும் அவர் என் நாற்காலியை விட்டு நகரவில்லை, பத்து நிமிடத்துக்கொரு தரம் நாடி பார்த்தார். அதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை. முடிந்ததும் திரையில் கேள்வி வந்தது. 'இல்லை' என்று அழுத்தினேன்.

தெரிந்துதான் அழுத்தினேன். ஒரு மெமோ கொடுப்பார்கள், விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு மறுநாள் வேலைக்கு வருவார் என்று நினைத்தேன். நான் வாங்காத மெமோவா. கண்டக்டர் புத்தி அதற்குமேல் ஓடவில்லை.

புதன்கிழமை அவர் சீருடையில் விளக்கு இல்லை. கீழ்த்தளத்தில் துணி அறைக்கு மாற்றிவிட்டார்கள். போர்வையும் தலையணை உறையும் மடித்து அடுக்கும் வேலை. நோயாளிகள் இருக்கும் தளத்துக்கு வரக்கூடாது. சாமான்களை எடுக்க வந்தவர், போகும்போது என் நாற்காலியருகே நின்றார்.

"காலையில பல்லு தேய்க்கும்போது கையைத் தொட்டுப் பாக்க மறந்துராதீய. ஓடுதான்னு தெனமும் பாக்கணும்."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் சொன்னார் என்பதற்காகவே அடுத்த நாளிலிருந்து தொட்டுப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

ஒன்றரை மாதம் வார்டு பச்சைப் பசேலென்று இருந்தது. வைகாசி கடைசியில் ஒரு புதன்கிழமை, மத்தியான நேரம். பிரின்சி என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தது. நான் மாப்பிள்ளை கதையை மூன்றாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டுக் கேட்டு அலுக்காமல் சிரித்தது. அப்போது கடைசி நாற்காலியில் மெஷின் கத்தியது. பிரின்சி ஓடியது. சொர்ணத்தம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தபடியே போயிருந்தது.

"பன்னெண்டு மணிக்கு பிரஷர் நல்லாத்தான் இருந்துது. தூங்குதாங்கன்னு நெனச்சேன்," என்று பிரின்சி சுவரில் சாய்ந்து அழுதது. அழும்போது அதன் விளக்கு எரிந்த மாதிரி நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

பிரின்சியைக் குறை சொல்லவில்லை. அதற்கு என்ன தெரியும், இருபத்து மூன்று வயது. எனக்குத்தான் அன்று உறைத்தது. வீட்டில் என்ன குழம்பு என்று கேட்டது குழம்புக்காக இல்லை. பதில் சொல்லும்போது நாக்கு குழறுகிறதா, மூச்சு இரைக்கிறதா, குரல் அடங்குகிறதா என்று காது கொடுத்திருக்கிறார். 'ஒண்ணுமில்ல' என்ற ஒற்றை வார்த்தையை வைத்து ஒரு உயிரை அரை மணிக்கொரு தரம் தொட்டுப் பார்த்திருக்கிறார். அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லாமல் செய்தவன் நான். அந்த நேரத்தில் கதை சொல்லி, பக்கத்தில் இருந்த ஒரு நர்ஸையும் பிடித்துவைத்திருந்தவனும் நானேதான்.

வெள்ளிக்கிழமை மெஹர் விளக்குகளைச் சோதிக்க வந்திருந்தார். அன்று எனக்கு மெஷின் இரண்டு மூன்று தடவை கத்தியது. "கொஞ்சம் ஸ்லோவா வருது அண்ணாச்சி, சரியாயிரும்," என்று பிரின்சி அலாரத்தை அமுக்கிவிட்டது. முடிந்து ஊசியை எடுத்ததும் ரத்தம் கசிந்து என் வேட்டியில் படக்கூடாது என்று அக்கறையாக இறுக்கிக் கட்டுப் போட்டது. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. நான் கட்டோடு போய் மெஹர் பக்கத்தில் உட்கார்ந்தேன். தன் வேலை முடியட்டும் என்று அவர் என்னை முக்கால் மணி நேரம் காக்க வைத்தார்.

"இப்ப சொல்லுங்க சார்."

"ஜெபக்கனி சிஸ்டர் வெளக்கு ஏன் ஒரு நாளும் எரியல?"

"ரிப்பேர் இல்ல சார். மூணு தடவ மாத்திக் குடுத்தோம். எரியல."

"அப்போ அந்தம்மாவுக்கு மனசே கெடையாதா?"

மெஹர் கணினியை மடியில் வைத்து எதையோ தேடினார். "இது அன்பு எவ்வளவு இருக்குன்னு சொல்லாது சார். எவ்வளவு ஏறுதுன்னுதான் சொல்லும். ஆளுக்கு ஆள் உடம்பு வேற. அதனால மொதல் நாள் சிஸ்டருங்க ரெஸ்ட் எடுக்கற ரூம்ல, ஃபேனுக்கு அடியில, அரை மணி நேரம் சும்மா ஒக்கார வெச்சு ஒரு கணக்கு எடுப்போம். பேஸ்லைன்னு சொல்வோம். அதுக்கு மேல ஏறினாத்தான் விளக்கு."

"இவங்களுக்கு எடுக்கலயா?"

"எடுத்திருக்கே." திரையைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "யா அல்லா. இது சும்மா ஒக்காந்திருந்தவங்க கணக்கு இல்ல சார். அரை மணி நேரமும் உச்சியிலயே நிக்குது. இங்க இருக்கற யாருக்கும், டூட்டி நேரத்துலகூட, இவ்வளவு வந்ததில்ல. இதப் போய் ரெஸ்ட்டுன்னு எழுதிட்டாங்க."

"புரியும்படியா சொல்லுங்க."

"அன்னைக்கு எங்க ஆள் பேட்ஜை மாட்டிட்டு, ஒக்காருங்க சிஸ்டர்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிருப்பான். இவங்க ஒக்காரல. யாரோ கூப்பிட்டிருக்காங்க, போயிட்டாங்க. அங்க யாரையோ பாத்துட்டு இருந்தப்ப ஓடின கணக்கு இது. அந்தப் பரிவுதான் இவங்களுக்கு சாதாரணம்னு மெஷின் நெனச்சுக்கிச்சு. அப்புறம் எப்படி சார் எரியும்?" மெஹரின் குரல் இறங்கிப்போயிருந்தது. "மூணு வருஷமா பேட்ஜை மாத்தி மாத்திப் பாத்தோம். கணக்க யாருமே பாக்கல. நானும்தான்."

"என்னைக்கு எடுத்தது?"

"ஆகஸ்ட் பதினேழு. காலைல பதினொன்னு பத்துலேர்ந்து பதினொன்னு நாப்பது வரைக்கும்."

எனக்கு ஆஸ்பத்திரி நோட்டைப் புரட்ட வேண்டியிருக்கவில்லை. பதினொன்று பத்து என்பது நான் தென்காசி வண்டிக்கு விசில் கொடுக்கும் நேரம். நெஞ்செல்லாம் நீர் கோத்து, மூச்சு முட்டி, என்னை ஸ்ட்ரெச்சரில் அந்த வார்டுக்குள் முதன்முதலாகத் தள்ளிக்கொண்டு வந்தபோது கதவுக்கு மேல் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். வண்டி எடுக்கிற நேரம் ஆச்சே என்று நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. பிறகு எல்லாம் மங்கல்தான். மூக்கில் மாஸ்க். யாரோ என் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

"அண்ணாச்சி, கண்ண மூடாதீய. வீட்ல என்ன கொழம்பு?"

"சாளை மீனு."

"புளி தூக்கலாவா, கம்மியாவா?"

"தூக்கலா."

அப்படியே அரை மணி நேரம் போயிருக்கிறது. மூன்று வருடமாக எந்த விளக்கு எனக்கு எரியவில்லை என்று குறைப்பட்டேனோ, அது என்னால்தான் எரியாமல் போயிருந்தது. பிழைத்து எழுந்தவன் அந்தக் கையை மறந்துவிட்டுக் காலரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"நான் இன்னைக்கே எழுதிப் போடறேன் சார்," என்றார் மெஹர். "ஆனா மேனேஜ்மென்ட் ஒத்துக்க எத்தன மாசம் ஆகுமோ."

நான் படியிறங்கி துணி அறைக்குப் போனேன். கீழே ஒரே வெக்கை. ஒரு மூலையில் ஒரு பையன் ஓட்டிய இஸ்திரி மெஷின் இரைந்துகொண்டிருந்தது. ஜெபக்கனி சிஸ்டர் போர்வை மடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க அண்ணாச்சி. முடிஞ்ச ஒடனே படியெறங்கலாமா? இங்க எதுக்கு வந்திய?"

"அந்த 'இல்லை'ங்கத அமுக்குனது நான்தான் சிஸ்டர்."

"தெரியும். அன்னைக்கு நான் ஏசுனது ஒங்கள மட்டுந்தான்."

பதினேழாம் தேதியைச் சொன்னேன். மெஹர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் சொன்னேன். அவர் மடித்த போர்வையைத் திரும்பப் பிரித்து, மறுபடி மடித்தார்.

"அந்த ஆளு ஒக்காரச் சொல்லிட்டுத்தான் போனாரு. ஒக்காந்தேன். அதுக்குள்ள ஒங்களக் கொண்டாந்துட்டாவ."

"என்னைய முன்னபின்னத் தெரியாது ஒங்களுக்கு. அப்பிடி என்ன சிஸ்டர்?"

"அன்னைக்கு நீங்க போயிருவியன்னு நெனச்சேன். போகும்போது ஒரு ஆளு கூட இருக்கணும்லா."

"மத்த நாள்லயும் அப்பிடித்தானா?"

"அது என்ன, நாளுக்கு நாள் மாறுமா?" என்றார், சலிப்பாக. பிறகு கேட்டார். "சொர்ணத்தம்மா போகும்போது பக்கத்துல யாரு இருந்தா?"

என்னால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "யாருமில்ல சிஸ்டர். பிரின்சி எங்கிட்ட பேசிக்கிட்டு இருந்துச்சு."

அவர் கையிலிருந்த போர்வையால் முகத்தை ஒரு தரம் துடைத்துக்கொண்டார். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அப்போதுதான் அவர் பார்வை என் கையில் விழுந்தது.

"இத யாரு இப்பிடி இறுக்கிக் கட்டுனது? எவ்வளவு நேரமாச்சு?"

"ஒரு மணி நேரம் இருக்கும்."

கட்டை அவிழ்த்தார். தன் உள்ளங்கை இரண்டையும் ஒன்றோடொன்று தேய்த்துச் சூடாக்கி, ஒன்றை என் நரம்பின் மேல் வைத்தார். கண்ணை மூடினார். ஒன்றரை மாதம் கழித்து அந்தக் கை. நான் 'ஓடுது' என்ற வார்த்தைக்காகக் காத்திருந்தேன்.

"அந்த மெஷின நிப்பாட்டுங்க," என்றார். இஸ்திரி மெஷின் நின்றது. கையை ஒரு அங்குலம் மேலே நகர்த்தினார், பிறகு கீழே. குனிந்து என் கைமேல் காதை வைத்தார். அறையில் ஒரு சத்தமும் இல்லை. நானும் உள்ளுக்குள் அந்த அதிர்வைத் தேடினேன், கிடைக்கவில்லை. தினமும் தொட்டுப் பார்த்திருந்தால் எப்போதோ தெரிந்திருக்கும்.

நிமிர்ந்தார். அவர் காலரில் விளக்கு இல்லை. துணி மடிக்கிறவர்களுக்கு எதற்கு விளக்கு. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். மூன்று வருடத்தில் முதல் தடவையாக ஒழுங்காகப் பார்த்தேன். அதில் எல்லாம் இருந்தது, படிப்பதற்குக் கண்டக்டராக இருந்திருக்க வேண்டியதில்லை.

"அண்ணாச்சி," என்றார். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. "வீட்ல இன்னைக்கு என்ன கொழம்பு?"

காலையில் மெஸ்ஸில் இரண்டு இட்லி தின்றிருந்தேன். அவ்வளவுதான். ஆனால் அவருக்கு என் குரல் வேண்டியிருந்தது. என்னால் கொடுக்க முடிந்ததும் அது ஒன்றுதான்.

"சாளை மீனு, சிஸ்டர்."

"புளி?"

"தூக்கலா."

தலையை ஆட்டிக்கொண்டார். ஒரு கையால் டாக்டருக்குப் போன் போட்டார். இன்னொரு கையை என் கையிலிருந்து எடுக்கவில்லை.